செம்மண் என்று ஒரு பெயர்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சமீபத்தில் குழந்தை பிறந்திருந்தால் இந்தக் கூத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் புதுசாக இருக்க வேண்டும். தெருவில் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது. நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். கூட்டினால் நல்ல எண் வர வேண்டும். வெள்ளைக்காரன் வாயிலும் நுழைய வேண்டும். தாத்தா பெயரா? அதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கு, கூப்பிடுவதற்கு இல்லை!

தேடிக் களைத்துப்போனவர்களுக்கு நான் ஒரு ஹீப்ரு பெயர் சொல்கிறேன். மனித குலத்தின் முதல் பெயரே இதுதான் என்று மூன்று மதத்துக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயரோடு ஒருத்தரை நீங்கள் தமிழ்நாட்டில் நேரில் பார்த்திருப்பது சந்தேகம்தான்.

ஆதாம்.

சிரிக்காதீர்கள். யோசித்துப் பாருங்கள். நமக்கு டேவிட் தெரியும், டேனியல் தெரியும், சாமுவேல், ஆபிரகாம், மோசஸ் எல்லோரையும் தெரியும். எல்லாமே ஹீப்ரு பெயர்கள். ஆதாமை மட்டும் 'ஆதாம் ஏவாள் காலத்துப் பழசு' என்று கிண்டல் செய்யத்தான் கூப்பிடுகிறோம். காரணம் ஊகிக்கக்கூடியதே. சும்மா இருந்த மனுஷன் ஒரு பழத்தைத் தின்று, அத்தனை பேருக்கும் வியர்வை சிந்தும் வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டார் என்ற கெட்ட பெயர் அவருக்கு. அந்தப் பழம் ஆப்பிள் என்று பைபிளில் எங்கேயும் இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டது.

முஸ்லிம்களிடம் கதை வேறு. அவர்களுக்கு அவர் முதல் நபி. அதனால் 'ஆதம்' மரியாதைக்குரிய பெயர். இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போனால் தமிழ் பேசும் ஆதம்பாவாக்களைப் பார்க்கலாம். அதே இலங்கையில் 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாதமலை உச்சியில் இருக்கும் பாதச்சுவட்டை நாம் சிவனுடையது என்கிறோம், பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதமுடையது என்கிறார்கள். இந்தப் பக்கம் ராமேஸ்வரத்தில் ஆபில், காபில் பெயரில் ஒரு தர்கா உண்டு. ஆதமின் பிள்ளைகள்! ஆக, பெயர்தான் நம்மிடம் அபூர்வமே தவிர, ஆள் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். ஹீப்ருவில் 'அதாமா' என்றால் மண், நிலம். 'அதோம்' என்றால் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது 'ஆதாம்'. செம்மண்ணால் ஆனவன் என்று பொருள் சொல்வார்கள். முதலில் இது பெயரே இல்லை, 'மனிதன்' என்கிற சாதாரணச் சொல். அந்தச் சொல் அரபிக்குப் போய், பாரசீகத்துக்குப் போய், இந்திக்கு வந்து 'ஆத்மி' ஆகிவிட்டது. சிவாஜியின் 'ஆலயமணி'யை (1962) இந்தியில் திலீப் குமாரை வைத்து எடுத்தபோது 'ஆத்மி' (1968) என்று பெயர் வைத்தார்களே, அதே ஆத்மிதான்!

நியூமராலஜி பார்ட்டிகளுக்கும் ஒரு தகவல். ஹீப்ருவில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். ஆதாமுக்கு மூன்றே எழுத்து: ஆலெஃப் 1, தாலெத் 4, மேம் 40. கூட்டினால் 45. அதையும் கூட்டினால் 9. நம்ம ஊர் எண் ஜோதிடத்தில் ஒன்பது செவ்வாய்க்கு உரியது. அங்கேயும் சிவப்புதான் போங்கள்.

இந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டே திருவண்ணாமலைக்கு வாருங்கள். அருணாசலம் என்ற பெயரைப் பிரித்தால் அருணம், அசலம். அருணம் விடியற்காலைச் சிவப்பு. அசலம் அசையாதது, மலை. செம்மலை! உடனே 'ஆதாமும் அருணமும் ஒன்றே' என்று யாராவது புத்தகம் போட்டுவிடப் போகிறார்கள். வேண்டாம். ஒன்று ஹீப்ரு, இன்னொன்று சமஸ்கிருதம். இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனால், ஆதாம் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு குழந்தை அந்தச் செம்மலையின் அடிவாரத்தில் வளர்ந்தது நிஜம்.

ரமணாசிரமத்துக்கு ஹீப்ரு பெயர்கள் புதிதல்ல. பாஸ்ரா நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்த எஸ்.எஸ்.கோஹன் 1936-லேயே வந்துவிட்டார். 'கோஹன்' என்றால் ஹீப்ருவில் கோயில் ஆசாரியர். நம்ம ஊரில் குருக்கள் என்கிறோமே, அந்த மாதிரி. மோசேயிடம் கடவுள் சொன்ன ஹீப்ருப் பெயருக்கு 'இருக்கிறேன்' என்பதே சாரம். 'நான் யார்' என்று கேட்கச் சொன்ன ரமணருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது. வேதாந்தம் முழுவதும் அதில் இருப்பதாக அவர் சொன்னது ஆசிரம உரையாடல் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

நம்ம குழந்தை வருவது 1941-ல். அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர், பாங்காக்கில் கல்லூரி ஆசிரியர். அம்மா லூசியா போலந்துக்காரர். போலந்தில் ஆதாம் என்பது நம்ம ஊர் முருகன் மாதிரி சகஜமான பெயர். அவர்களுடைய தேசியக் கவியே ஆதாம் மிட்ஸ்கேவிச்தான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாளை ஆதாம், ஏவாள் பெயர்த் திருநாளாகவே கொண்டாடுவார்கள். ஆடம் ஆஸ்பர்ன் பிறந்தது பாங்காக்கில், 1939 மார்ச் 6.

மனைவியையும் குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு ஆர்தர் மட்டும் வேலைக்குத் திரும்பிப் போனார். அந்த டிசம்பரில் ஜப்பான் படை தாய்லாந்துக்குள் நுழைந்தது. எதிரி நாட்டு ஆள் என்று அவரைப் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். போர் முடியும்வரை, மூன்றரை வருஷத்துக்கும் மேல்! இங்கே, பாஷை புரியாத ஊரில் ஒரு போலந்துப் பெண்மணி, சின்னச் சின்னக் குழந்தைகளோடு. அப்பா பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று அந்தக் குழந்தைகள் மகரிஷியிடமே வேண்டிக்கொண்டதை அந்தக் குடும்பத்தினர் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்கள். 1945-ல் அப்பா உயிரோடு வந்து சேர்ந்தார். வந்தவர் ரமணரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதினார். 1964-ல் ஆசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கி நடத்தினார்.

பையன் எங்கே போனான்? ரமணர் மறைந்த 1950-ல் அவனுக்குப் பதினொரு வயது. படிக்க இங்கிலாந்து போனான். பர்மிங்காமில் கெமிக்கல் இன்ஜினீயரிங், பிறகு அமெரிக்காவில் டாக்டர் பட்டம், ஷெல் எண்ணெய் கம்பெனி உத்தியோகம். அதையும் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பற்றிப் புத்தகம் எழுதி, தானே வெளியிட்டுக் காசு பார்த்தார் ஆடம். 1981-ல் அவர் கம்பெனி ஒரு கம்ப்யூட்டரை இறக்கியது. பெயர் ஆஸ்பர்ன் 1. விலை 1,795 டாலர். தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும், எடை சுமார் 11 கிலோ, திரை வெறும் ஐந்து அங்குலம். ஆனால், தூக்கிக்கொண்டு போகலாம்! எழுதவும் கணக்குப் போடவும் சாஃப்ட்வேர்கள் அதோடு இலவச இணைப்பு. நல்ல நாளில் மாதம் பத்தாயிரம் வரை விற்றது. உலகம் முழுக்க வியாபார ரீதியாக ஜெயித்த முதல் கையடக்கக் கம்ப்யூட்டர் அதுதான் என்கிறார்கள். இன்றைக்கு நம் மடியில் இருக்கிற லேப்டாப்புக்கு ஒரு வகையில் பெரியப்பா.

பி.காம். படித்த என் போன்றவர்களுக்கு ஆடம் என்றால் 1776-ல் 'நாடுகளின் செல்வம்' எழுதிய ஆடம் ஸ்மித்தான். அடுத்த ஆடம் இவர். ஆனால், இவரைப் பாடமாக வைத்தது தோல்விக்காக. 1983-ல், கையில் பழைய மாடல் ஏராளமாக இருக்கும்போதே, அடுத்து வரப்போகும் மாடலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? 'புதுசே வரட்டும், பழசு எதுக்கு?' என்று ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். அந்த செப்டம்பரில் கம்பெனி திவால். நிர்வாகவியலில் இதற்கு 'ஆஸ்பர்ன் விளைவு' என்றே பெயர். இது மட்டும் காரணமில்லை. பெரிய திரையோடு வந்த கேப்ரோவும் ஐ.பி.எம்.மும்தான் காலை வாரின என்று வாதாடுகிறவர்களும் உண்டு. போட்டியாளர்களில் ஒருவர் பெயர் ஆப்பிள் என்பதைக் கவனித்தீர்களா? ஆதாமுக்கும் ஆப்பிளுக்கும் ராசியே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் ஆடம் என்ற பெயர் உச்சத்தில் இருந்ததும் அதே காலம்தான். இடைக்கால இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்து, ஆடம்ஸ், ஆடம்சன், அட்கின்சன் என்று குடும்பப் பெயர்களாகத் தங்கி, பிறகு நிறம் மங்கிப்போன பெயர் அது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆண் குழந்தைகளின் முதல் இருபது பெயர்களுக்குள் வந்துவிட்டது. இஸ்ரேலில் இன்றைக்கு யூதர்களும் அரேபியர்களும் ஒருசேர வைக்கிற பெயர்களில் ஒன்று. அந்த மண்ணில் இது சாதாரண விஷயமா, சொல்லுங்கள்?

ஆடம் ஆஸ்பர்ன் இன்னொரு கம்பெனி தொடங்கினார். அதன் மேல் லோட்டஸ் கம்பெனி வழக்குப் போட்டது. 1990-ல் தீர்ப்பு பாதகமாக வந்தது. மூளையைப் பாதிக்கும் நோயும் சேர்ந்துகொண்டது. 1992-ல் அவர் இந்தியா திரும்பினார். சிறு வயதில் பள்ளிக்கூடம் போன கொடைக்கானலில் தன் சகோதரியின் பராமரிப்பில் இருந்து, 2003 மார்ச் 18 அன்று அங்கேயே கண்மூடினார். வயது 64.

அதனால், பெயர் தேடிக்கொண்டிருக்கிற நண்பர்களே, புதுசாக வையுங்கள், பழசாக வையுங்கள், கூட்டிக் கழித்தும் வையுங்கள். அர்த்தத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாம் என்றால் ராஜா இல்லை, வெற்றியாளன் இல்லை, செல்வந்தன் இல்லை. வெறும் மனுஷன். பிள்ளை அப்படி வளர்ந்தால் போதாதா?