எழுத்துரிமையும் மத எதிர்ப்பும் (தமிழ்நாடு)

சமயத்தையோ சமய வழக்கத்தையோ விமர்சித்தவர்களையும் அதைக் கதைப்பொருள் ஆக்கியவர்களையும் தடை, வழக்கு, ஊர்விலக்கம், மிரட்டல் ஆகியவற்றிலிருந்து காக்க நடந்த முயற்சிகளின் வரலாறு. இதில் முக்கியமான திருப்பம், பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5இல் வழங்கிய தீர்ப்பு.

அரசாணையும் அபராதமும்

மத உணர்வைப் புண்படுத்தும் எழுத்தைத் தண்டிக்கும் 295அ பிரிவு, லாகூரில் வெளியான ஒரு சிறுநூல் கிளப்பிய கொந்தளிப்புக்குப் பின் 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் சிக்கலுக்குள்ளானவர்கள் பெரும்பாலும் திராவிட இயக்கத்தார். இராவணனைத் தலைவனாக்கிப் புலவர் குழந்தை பாடிய ‘இராவண காவியம்’ 1946இல் வந்தது. 1948இல் சென்னை மாகாண அரசு அதைத் தடைசெய்தது. தடை நீங்க 1971 வரை, அதாவது கருணாநிதி முதல்வராக இருந்த காலம் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

காஞ்சிபுரத்திலிருந்து ‘திராவிட நாடு’ இதழை நடத்திய அண்ணாவுக்கு, ‘ஆரிய மாயை’ நூலுக்காக 1950இல் 700 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்துச் சிறை சென்றார். பத்து நாளில் விடுதலையானார். பெரியாரின் இராமாயண விமர்சனத்தின் இந்தி மொழிபெயர்ப்பை 1969இல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தபோது, பதிப்பாளர் லலாய் சிங் யாதவ் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1976இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பறிமுதல் ஆணையில் அரசு தன் காரணங்களைச் சொல்லவில்லை என்பதே அங்கே எடுபட்ட வாதம். அரசே எதிராளி என்றால் ஆணையென்று ஒரு தாளாவது இருக்கும்; அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம்.

ஊரே எதிராளியானால் அந்தத் தாளும் கிடையாது. இஸ்லாமியச் சமூகத்தில் மது பற்றிக் கட்டுரை எழுதிய கவிஞர் எச்.ஜி. ரசூலைத் தக்கலை ஜமாஅத் (முஸ்லிம் ஊர்ச்சபை) 2007இல் ஊர்விலக்கம் செய்தது.

நாமக்கல் மேசை

‘மாதொருபாகன்’ 2010 டிசம்பரில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதி ஊர்ப்பேச்சில் படும் பாடுதான் கதை. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் வைகாசித் தேர்த் திருவிழாவில், பதினான்காம் நாள் இரவு, பிள்ளை வேண்டும் பெண் முன்பின் அறியாத ஆணோடு கூடலாம், அன்றைக்கு அவன் சாமி என்று ஒரு வழக்கம் அதில் வருகிறது. நான்கு ஆண்டுகள் ஒரு சலசலப்பும் இல்லை. அநிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்த பிறகு, 2014 டிசம்பரில் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் விநியோகமாயின. நூல் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9இல் கடையடைப்பு. கோயிலின் புனிதம் என்று தொடங்கிய பேச்சு, சாதிப் பெண்களின் மானம் என்று திரும்ப அதிக நேரம் ஆகவில்லை. இங்கே மதக் கோபத்தின் அடியில் சாதி இல்லாமல் இருப்பது அபூர்வம்.

2015 ஜனவரி 12இல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. எழுத்தாளர் வருத்தம் தெரிவித்தது போதாதென்று, நிபந்தனையற்ற மன்னிப்பு என்ற சொல் கேட்டு வாங்கப்பட்டது. விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் அவர் கையெழுத்திட்டார். அடுத்து முகநூலில், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார்.

தேர் போகும் தெரு, சுடுகாட்டுப் பாதை, சிலை ஊர்வலம் என்று எந்தத் தகராறுக்கும் காஞ்சிபுரம் மாவட்ட உத்திரமேரூர் உட்பட எல்லா வட்டங்களிலும் நடக்கிற கூட்டம்தான் இது. எழுதிவைத்த விதிக்குப் பழைய உதாரணமாக அந்த உத்திரமேரூரின் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலை (ஓலைச்சீட்டுக் குலுக்கல்) தேர்வு பற்றிய கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச்சபையின் வாரியத்தில், அதாவது குழுவில், அமர வயது என்ன, நிலம் எவ்வளவு என்று அவை வரையறுக்கின்றன. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் விலக்கப்படுகிறார்கள். வேதம் கற்ற பிராமணருக்கான அந்தச் சபையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் சொல்வது மிகை. ஆனாலும் விதி சுவரில் இருந்தது, யாரும் சுட்டிக்காட்டலாம். நாமக்கல் மேசையில் யார் நடுவர், யார் எந்தத் தரப்புக்குப் பிரதிநிதி, போட்ட கையெழுத்துக்கு என்ன வலு என்பதற்கு எழுதிவைத்த விதி எதுவும் இல்லை.

தீர்ப்பும் பிறகும்

எழுத்தாளர் ஒதுங்கிவிட்ட நிலையில் அவருக்காக வழக்காட முன்வந்தது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம். அதன் தலைவர் ச. தமிழ்ச்செல்வன் மனுதாரரானார். நூலைத் தடைசெய்யக் கோரியவர்களின் மனுக்களும் சேர்ந்தே விசாரிக்கப்பட்டன. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தடைக் கோரிக்கையை ஏற்கவில்லை. பேச்சுவார்த்தையில் பெற்ற ஒப்புதல் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத நூலை மூடிவைக்க வாசகருக்கு உரிமை உண்டு, எழுதவிடாமல் செய்ய இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இத்தகைய சர்ச்சைகளை ஆராய இலக்கியமும் கலையும் அறிந்தோர் கொண்ட குழு வேண்டும் என்றும் அரசுக்குச் சொன்னது. அதிகம் பேசப்பட்டது, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்ற முடிப்பு. பேச்சுவார்த்தைத் தாள் பற்றிய பகுதிதான் நாளை வேறொரு எழுத்தாளருக்கு உதவக்கூடியது.

பெருமாள்முருகன் மௌன காலத்தில் எழுதிய கவிதைகள் ‘கோழையின் பாடல்கள்’ என்ற பெயரில் 2016 ஆகஸ்டில் வெளியாயின. அதே ஆண்டு வந்த நாவல் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. மனிதரைப் பற்றி எழுதப் பயம், தெய்வத்தைப் பற்றி எழுத அதைவிடப் பயம், மாடும் பன்றியும் தொடக்கூடாதவை, மிஞ்சியது ஆடு என்கிற பொருளில் அதற்கு முன்னுரை எழுதியிருந்தார்.