தபால்காரரை யாரும் பார்க்கவில்லை

லண்டனில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். பெயர் ஹிமாலயா மான்ஷன்ஸ். மேல்மாடியில் குடியிருக்கும் ஸ்மைத்துக்குக் கொலைமிரட்டல் வந்துகொண்டே இருக்கிறது. ஆளில்லாமல் வேலை செய்யும் இயந்திர வேலைக்காரர்களை விற்றுப் பணக்காரன் ஆனவன் அவன். வாசலில் நாலு பேரிடம் யார் வந்தாலும் பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள்: ஒரு போலீஸ்காரர், சீருடை போட்ட வாசல் காவலர், அங்கே வேலையாக இருந்த ஒருவர், தெருவில் செஸ்நட் வறுத்து விற்கிறவர். திரும்பி வந்து கேட்டால் நாலு பேரும் ஒரே மாதிரி அடித்துச் சொல்கிறார்கள், ஒருத்தரும் உள்ளே போகவில்லை என்று. ஆனால் படிக்கட்டுப் பனியில் காலடித் தடம் இருக்கிறது. மேலே ரத்தம் இருக்கிறது, ஸ்மைத்தைக் காணவில்லை.

போனது தபால்காரர். உடலைத் தபால் பையில் போட்டுக்கொண்டு அந்த நாலு பேர் கண்முன்னால்தான் இறங்கிப் போனார். (நூறு வருஷம் தாண்டிய கதைக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை கேட்பவர்கள் என்னை மன்னிக்கவும்.)

ஜி. கே. செஸ்டர்டனின் ‘தி இன்னசன்ஸ் ஆஃப் ஃபாதர் பிரவுன்’ 1911-இல் புத்தகமாக வந்தது. மொத்தம் 12 கதைகள். முதல் கதை அதற்கு முந்தின ஜூலையில் அமெரிக்காவின் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்டில் வந்திருந்தது. துப்பறிகிறவர் ஒரு குள்ளமான கத்தோலிக்கப் பாதிரியார். கையில் எப்போதும் குடை, அதையும் அடிக்கடி கீழே போட்டுவிடுவார்.

இந்தப் பாதிரியார் பிறந்த கதையே சுவாரசியமானது. 1904 வாக்கில் யார்க்‌ஷயரின் கீத்லி ஊர்ப்பக்கம் செஸ்டர்டன் ஜான் ஓ’கானர் என்ற பாதிரியாரைச் சந்திக்கிறார். இருவரும் மேட்டுநிலத்தில் நடந்தபடி பேசுகிறார்கள். குற்றம், சீரழிவு பற்றி அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தவை செஸ்டர்டனைத் திடுக்கிட வைக்கின்றன. பிறகு ஒரு வீட்டுக்கு வருகிறார்கள். அங்கே இருந்த இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள், ஓ’கானர் அறையை விட்டுப் போனதும், மடத்துக்குள் அடைந்து கிடப்பவருக்கு உலகத்தின் தீமை எங்கே தெரியப்போகிறது என்ற ரீதியில் பேசுகிறார்கள். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த முரண்தான் ஃபாதர் பிரவுன். தினமும் பாவமன்னிப்புக் கூண்டில் உட்கார்ந்து மனிதர்களின் பாவங்களைக் கேட்கிறவர் அப்பாவியாக இருக்க முடியுமா? செஸ்டர்டன் அப்போது கத்தோலிக்கரே இல்லை; 1922-இல்தான் மதம் மாறினார்.

ஹோம்ஸ் சேற்றையும் சுருட்டுச் சாம்பலையும் படிக்கிறார். பிரவுன் படிப்பது, எதிரே இருப்பவர்கள் யாரைப் பார்க்க மறுக்கிறார்கள் என்பதை. இதில் தபால்காரர் கதையைவிட எனக்குப் பிடித்தது ‘தி க்வீர் ஃபீட்’. பன்னிரண்டு பெரிய மனிதர்களின் கிளப், ஒரு ஆடம்பர ஓட்டலில் விருந்து. அன்று ஒரு வெயிட்டர் சாகக் கிடக்கிறார். பாதிரியார் வந்ததே அவருக்காகத்தான். பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பவரின் காதில் ஒரு காலடிச் சத்தம் விழுகிறது. கொஞ்ச நேரம் வேகமான, லேசான நடை. அப்புறம் மெதுவான, அதிகார நடை. ஆனால் கால் ஒன்றேதான்! வெயிட்டரும் கனவான்களும் போடுவது ஒரே கறுப்புக் கோட்டு. திருடன் கனவான்களுக்கு முன்னால் வெயிட்டராகவும் வெயிட்டர்களுக்கு முன்னால் கனவானாகவும் நடந்து, வெள்ளிக் கரண்டி கத்திகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கிறான். இரண்டு தரப்பும் மற்றவர் முகத்தைப் பார்ப்பதே கிடையாது என்பதுதான் அவனுடைய முதல். விஷயம் வெளியே வந்ததும் கனவான்கள் எடுக்கும் முடிவு என்ன தெரியுமா? இனி நம் கோட்டு பச்சை நிறத்தில் இருக்கட்டும், வெயிட்டர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது!

இதை அன்றைய இங்கிலாந்தில் வைத்துப் படிக்க வேண்டும். பிரபுக்கள் சபையின் அதிகாரத்தை வெட்டிய பாராளுமன்றச் சட்டம் வந்ததும் இதே 1911-இல்தான். வீட்டுவேலையில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்த நாடு அது. யார் காபி கொண்டுவந்தார் என்று கேட்டால் முகம் நினைவில்லாத வீடுகள். நம் அபார்ட்மெண்ட் வாசலில் டெலிவரிப் பையனுடன் ஒரே லிஃப்டில் வந்துவிட்டு, யாருமே வரவில்லையே என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும்.

கைது இந்தக் கதைகளில் பெரிய விஷயமில்லை. ஃபிளாம்போ என்ற பெருந்திருடன் நாலாவது கதையில் வைரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு பாதிரியாரின் நண்பனாகவே ஆகிவிடுகிறான். தபால்காரக் கொலைகாரனுடன் பிரவுன் பனிமலைகளில் மணிக்கணக்கில் நடக்கிறார். என்ன பேசினார்கள் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. முசோலினியின் சிறையில் இருந்த கிராம்ஷி, ஹோம்ஸைவிட பிரவுனை மேலாக வைத்துக் கடிதம் எழுதினார். ஒரு மார்க்சியருக்குப் பாதிரியாரைப் பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் ஏழாவது கதைக்கு வரும்போது புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றுகிறது. ‘தி ராங் ஷேப்’ கதையில் வெள்ளை அங்கியுடன் ஒரு இந்தியத் துறவி வருகிறார். கொலை செய்தது அவர் இல்லை, வீட்டுக்கு வரும் டாக்டர்தான். அப்படியும் கதை முழுக்க அந்த இந்தியரைச் சுற்றியே ஒரு அருவருப்பும் பயமும் கவிந்திருக்கின்றன. ஒரு வளைந்த கீழைநாட்டுக் கத்தியைப் பார்த்து, இதன் வடிவமே தப்பு என்று பாதிரியார் நடுங்குகிறார். 1914-இல் வந்த அடுத்த தொகுப்பில் கறுப்பினத்தவர்கள் பற்றிய இடங்கள் இன்னும் மோசம். காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தெரியாத கண்களைப் பற்றி இவ்வளவு கூர்மையாக எழுதியவரும் அதே காலத்தில்தானே இருந்தார்?

தபால்காரர் கதை தொகுப்பில் ஐந்தாவது, இது ஏழாவது. நடுவில் ஒரே ஒரு கதை. தபால்காரருக்கு ஜேம்ஸ் வெல்கின் என்று ஒரு பெயராவது இருக்கிறது. அந்த இந்தியருக்குக் கடைசிவரை பெயரே இல்லை.