கால்பேக்கும் கட்டுச்சோறும்

ஒரு ஃபங்ஷனை மற்றொரு ஃபங்ஷனின் வசம் ஒப்படைத்து, சமயம் வரும்போது கூப்பிட்டுக்கொள்ளும்படி சொல்லிவிடுகிற கால்பேக் வழக்கம், 1970களின் தொடக்கத்தில் மரே ஹில்லில் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்த டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய ஸி மொழிக்கு மிகவும் உகந்ததாயினும், அங்கே ஒப்படைக்கப்படும் பொருள், நினைவகத்தில் அந்த ஃபங்ஷன் தொடங்கும் ஸ்தானத்தின் முகவரியேயன்றி வேறன்று. முந்திய ஆல்கால் 60 மொழியிலோ, ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொன்றைப் பிறப்பித்து, பிறந்த வீட்டின் மாறிகளை அது கையோடு கொண்டுபோகும்படி அனுப்பலாம். ஸி அதை அனுமதிக்கவில்லை. மொழி சிறிதாக இருந்ததற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணமாகையால் நான் அதைக் குறைகூறத் துணியேன். ஆனால் கட்டுச்சோறில்லாமல் வழியனுப்பப்பட்டவன் படும் பாட்டை அந்த ஃபங்ஷன் பட்டதும் மெய்.

க்யூசார்ட் என்னும் நூலக ஃபங்ஷனையே எடுத்துக்கொள்வோம். பட்டியலின் முகவரி, உருப்படிகளின் எண்ணிக்கை, ஒன்றின் அளவு, இரண்டில் எது முந்தியது என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஃபங்ஷன் ஆகிய நான்கையும் கொடுத்தால் அது அடுக்கித் தந்துவிடும். மதிப்பெண் பதிவேட்டைக் கணிதத்தின்படி அடுக்கவேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு வந்து சேர்வன இரண்டு மாணவர்களின் முகவரிகள் மட்டுமே, எந்தப் பாடம் என்பதை அதன் காதில் போட வழியில்லை. ஆகவே பாடத்தின் எண்ணைப் பொது மாறி ஒன்றில் எழுதிவைத்துவிட்டுக் கூப்பிடுவார்கள். அடுக்கல் நடந்துகொண்டிருக்கையில் வேறொரு த்ரெட் வந்து அதே மாறியில் தமிழின் எண்ணை எழுதிவிட்டால், முற்பகுதி வேலை ஒரு நியாயத்தின்படியும் பிற்பகுதி வேறொரு நியாயத்தின்படியும் நடந்து, பிழைச்செய்தி ஒன்றுமில்லாமல் எல்லாம் சுபமாக முடிந்துவிடும். அத்தகைய பிழையை இரண்டு நாள் தேடியவர்களில் அடியேனும் ஒருவன்.

இதற்குக் கண்ட பரிகாரங்களுள் எளியது, ஃபங்ஷனோடு ஒரு வாய்டு பாயின்டரையும் வாங்கிவைத்துக்கொண்டு, கூப்பிடும்போது மூட்டையைப் பிரித்துப் பாராமல் அப்படியே திருப்பிக் கொடுப்பது. 1980களின் பிற்பகுதியில் எக்ஸ் விண்டோவின் கருவித்தொகுதி இவ்வழியையே கைக்கொண்டது. மற்றது துணிச்சலானது: நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய ஃபங்ஷனைச் செய்துகொள்வது. 1988இல் தாமஸ் ப்ரூயல் விவரித்த உபாயத்தைத் தழுவிய ஜிசிசி கம்பைலர், ஸ்டாக்கில் சில இயந்திரக் கட்டளைகளை எழுதிவைக்கும். வெளி ஃபங்ஷனின் மாறிகள் இருக்குமிடத்தை ஒரு ரெஜிஸ்டரில் இட்டுவிட்டு உள் ஃபங்ஷனுக்குத் தாவுவதைத் தவிர அவற்றுக்கு வேறு ஜோலியில்லை. டிராம்போலின் என்று பெயர். வெளி ஃபங்ஷன் முடிந்ததும் அந்தப் பலகையும் போய்விடுமாகையால், பின்னர் வந்து தாவுகிறவன் பாழுங்கிணற்றில்தான் விழவேண்டும். மேலும், ஸ்டாக்கில் கட்டளை எழுதி ஓட்டுவது கள்வர்களுக்கும் கைவந்த கலையாகையால், எழுதத்தக்க பக்கம் அதே சமயத்தில் ஓடத்தக்கதாக இருக்கலாகாது என்ற கட்டுப்பாட்டை 2003இல் ஓப்பன்பிஎஸ்டி 3.3 இயங்குதளம் கொண்டுவந்தது; அதுமுதல் யோக்கியமான டிராம்போலினும் சந்தேகத்துக்கு ஆளாயிற்று.

கடைசியில் க்யூசார்ட்டுக்கும் மூட்டை கிடைத்தது. 2003இல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 5.0, க்யூசார்ட்-ஆர் என்ற பெயரில், ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு முன்னால் அதை வைத்து, ஆல்கால் காலத்துச் சொல்லாகிய ‘தங்க்’ என்பதையே அதற்குப் பெயராக இட்டது. 2008இல் க்ளிப்சி என்னும் ஸி நூலகத்தின் 2.8ஆம் பதிப்பு அதே பெயரில் ஒரு ஃபங்ஷனைத் தந்து, மூட்டையைக் கடைசியில் வைத்தது! பெயர் ஒன்று, கிரமம் இரண்டு என்ற இந்த வியவகாரம் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் நீடித்து, 2024இன் பாசிக்ஸ் நியமம் க்ளிப்சியின் கிரமத்தை ஏற்றபோதுதான் தீர்ந்தது; ஃப்ரீபிஎஸ்டியும் தன் 14ஆம் பதிப்பில் மூட்டையைக் கடைசிக்கு நகர்த்திக்கொண்டது.