43 டிகிரி வெயிலில் மரத்துக்கும் வியர்க்குமா? இலைத்துளைகள் சொல்லும் உண்மை என்ன?

வெயில் ஏறினால் நாம் நிழல் பார்த்து ஒதுங்கிவிடுவோம். நின்ற இடத்திலேயே நிற்கும் மரம் என்ன செய்யும்? கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன துளைகளை வைத்துத்தான் அது சமாளிக்கிறது. அந்தத் துளைகள் கடும் வெப்பத்தில் திறக்குமா, மூடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

இலைத்துளை என்பது என்ன?

இலையின் தோலில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில்கூட இலைத்துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் உதடு மாதிரி இரண்டு காப்பு செல்கள். பொட்டாசியம் அயனிகள் இந்த செல்களுக்குள் போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும். செல்கள் உப்பி வளையும், துளை திறக்கும். தண்ணீர் வெளியேறினால் செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும்.

துளை திறந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். ஒளிச்சேர்க்கைக்கு அது வேண்டும். ஆனால் அதே வழியாக நீராவி வெளியே போய்விடும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படித்தான் போகிறது. இதுதான் நீராவிப்போக்கு. வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பது போல, இது இலையைக் குளிர்விக்கும்.

வெயில் அடித்தால் என்ன சிக்கல்?

காற்று சூடாக சூடாக அதன் தாகமும் கூடும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் அது சுமார் 51 கிராம். அதாவது, வெப்பம் ஏறினால் காற்று இலையிலிருந்து தண்ணீரை வேகமாக உறிஞ்சும்.

துளையை மூடினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் இலை சூடேறும். திறந்து வைத்தால் இலை குளிரும், ஆனால் தண்ணீர் தீரும். மண் காய்ந்துவிட்டால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் 'மூடு' என்று காப்பு செல்களுக்கு உத்தரவு போடும்.

ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை

இதை நிஜ மரத்திலேயே சோதித்துப் பார்த்தது வெஸ்டர்ன் சிட்னி பல்கலைக்கழகம். சிட்னி அருகே ரிச்மண்டில், முழு மரத்தையே உள்ளே அடைக்கும் அளவுக்குப் பெரிய 12 கூண்டுகள் உள்ளன. உள்ளே வெப்பத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மரம் எவ்வளவு நீராவியை விடுகிறது, எவ்வளவு கார்பனை எடுக்கிறது என்பதையும் அளக்கலாம்.

அதில் பாரமட்டா ரெட் கம் என்ற யூகலிப்டஸ் வகை மரங்களை வளர்த்தார்கள். ஒரு மாதம் தண்ணீர் விடாமல் நிறுத்தினார்கள். அதன் பிறகு பாதி மரங்களுக்கு, தொடர்ந்து 4 நாட்கள் 43 டிகிரிக்கும் மேல் செயற்கை வெப்ப அலை!

முடிவு 2018-ல் வெளியானது. நண்பகலில் ஒளிச்சேர்க்கை கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் நீராவிப்போக்கு நிற்கவில்லை. பாடப்புத்தகக் கணக்குப்படி இரண்டும் சேர்ந்தேதான் குறைய வேண்டும். இங்கே மரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, குளிர்விப்பதை மட்டும் தொடர்ந்தது. கூடவே, இலைகளின் வெப்பம் தாங்கும் திறனும் வேகமாகக் கூடியது.

அப்படியென்றால் மரங்களுக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது. அந்த மரங்கள் தப்பித்ததற்குக் காரணம், ஒரு மாதம் நீர் விடாவிட்டாலும் மண்ணில் வேருக்கு எட்டும் ஈரம் இருந்ததுதான். அதுவும் இல்லாவிட்டால் இந்த வித்தை பலிக்காது. வெப்ப அலையும் வறட்சியும் சேர்ந்து வரும்போதுதான் உண்மையான ஆபத்து.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மரம் விடும் நீராவி சுற்றியிருக்கும் காற்றையும் கொஞ்சம் குளிர்விக்கும். வழக்கமான கணினி மாதிரி இந்த நடத்தையைக் கணிக்கத் தவறியது. அதனால், வெப்ப அலையைத் தாவரங்கள் தணிக்கும் அளவைக் காலநிலை மாதிரிகள் குறைத்து மதிப்பிடலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

நெல்லில் என்ன செய்கிறார்கள்?

பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து வேறு வழியை முயன்றன. இந்திய விவசாயிகளுக்கும் பழக்கமான ஐ.ஆர்.64 ரகத்தில் மரபணு மாற்றம் செய்து, துளைகளின் எண்ணிக்கையையே குறைத்தார்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, முளைத்த 4 முதல் 5-வது வாரத்தில் அந்தப் பயிர்கள் வழக்கமான நீரில் சுமார் 60 சதவீதத்தை மட்டுமே பயன்படுத்தின. கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக இருந்த சூழலில், 40 டிகிரி வெப்பத்திலும் குறைந்த தண்ணீரில் அதிக நாள் தாக்குப்பிடித்தன.

ஆனால் துளை குறைந்தால் குளிர்ச்சியும் குறையும். எனவே எந்த ஊருக்கு எத்தனை துளை சரி என்பது அங்குள்ள தண்ணீரைப் பொறுத்தது.

வீட்டிலேயே பார்க்கலாமா?

பார்க்கலாம். இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி, நன்றாகக் காய விடுங்கள். அதன் மேல் செல்லோ டேப் ஒட்டி மெதுவாக உரித்தால், இலையின் அச்சு அதில் வந்துவிடும். கண்ணாடிச் சில்லில் ஒட்டி, பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் இலைத்துளைகளை எண்ணிவிடலாம். மேல்பக்கத்தையும் அச்செடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வெயில் காலத்தில் தெரு மரத்துக்கு ஊற்றும் ஒரு குடம் தண்ணீர், இந்தத் துளைகள் மூடாமல் இருக்க உதவும். மரத்துக்கு அதுதான் மின்விசிறி.