ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் கதையே எல்லாரும் எழுதறாங்க, நீ வேற ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். வேறு ஏதாவது என்று யோசித்தால், நாலு மாதமாக என் மேஜை மேல் விரிந்து கிடப்பது ஒரு வரைபடம்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன். ஹாஸ்டல் கதையும் நடுவில் கொஞ்சம் வந்து சேர்ந்துகொண்டது. அதற்கு நான் பொறுப்பல்ல!

நம் வகுப்பில் நாங்கள் நாலு பேர் இன்றும் விடாமல் ஞாயிறுதோறும் போனில் கூடிப் பேசுகிறவர்கள். நான் மினியாபொலிஸில். மதுரைக்காரன் சிகாகோவில். நாகர்கோவில்காரன் டொரோண்டோவில். தர்மபுரிக்காரன் டல்லாஸில். (பெயர் எழுதினால் உதைப்பார்கள். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.) வரும் செப்டம்பரில் நாலு பேரும் ஐந்து நாள் கனூவில் போய்க் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவாயிற்று. கனூ என்பது இரு முனையும் கூர்த்த, துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு. "நீதான் பக்கத்துல இருக்கே, நீயே பிளான் போடு" என்று வேலையை என் தலையில் கட்டினார்கள்.

போகிற இடம் மினசோட்டா மாநிலத்தின் வடக்கு ஓரம், கனடா எல்லையை ஒட்டிய பவுண்டரி வாட்டர்ஸ். ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர் காடு. அதற்குள் 1,000-க்கும் மேற்பட்ட ஏரிகள். உள்ளே கடை கிடையாது, மின்சாரம் கிடையாது, பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகும் கூடாது. ஓர் ஏரி முடிந்தால் இறங்கி, படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றி, மூட்டைகளையும் சுமந்து காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். அந்தப் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். சுமத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இந்தக் கட்டுரையில் சுமைவழி என்று வைத்துக்கொள்கிறேன்.

வரைபடத்தில் ஒவ்வொரு சுமைவழியின் நீளமும் 'ராட்' என்ற அளவில் போட்டிருக்கிறது. ஒரு ராட் பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஒரு கனூவின் நீளம். இது எனக்குப் புதிது என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் பழைய சொந்தம்! நாலு ராட் சேர்ந்தால் 66 அடி, அதாவது நம் சர்வே வகுப்பில் வெயிலில் இழுத்துக்கொண்டு திரிந்தோமே, அந்தக் கன்டர் செயின். சிவில் படிக்காதவர்களுக்கு வேறு கணக்கு: கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் நடுவே உள்ள தூரம் நாலு ராட். 320 ராட் ஒரு மைல்.

நான் பொறியாளன் ஆயிற்றே. சுமை தூக்குவது வீண் வேலை என்று தீர்மானித்து, சுமைவழிகள் மிகக் குறைவாக வரும்படி முதல் திட்டத்தைத் தயாரித்தேன். சகனகா என்ற பெரிய ஏரியில் தொடங்கி, எல்லையோரப் பெரிய ஏரிகள் வழியே மேற்கே போவது. தண்ணீரிலேயே போய்விடலாம், தோள் வலிக்காது. திட்டத்தை அனுப்பிவிட்டு, இந்த வழியாக முன்பு யார் போனார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் என் கணக்கு இடறியது.

முதலில் போனவர்கள் இந்த மண்ணின் மக்கள். தங்களை அனிஷினாபே என்று சொல்லிக்கொள்ளும் ஒஜிப்வே மக்கள், வெள்ளைப் பூர்ச்ச மரத்தின் பட்டையை உரித்து, தேவதாரு வகை மரத்தால் விலா எலும்புகள் வைத்து, வேரால் தைத்து, மரப்பிசினால் பொருத்து அடைத்துக் கனூ செய்தார்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. ஓட்டை விழுந்தால் அடைக்க வேண்டிய சாமான் எல்லாம் கரையிலேயே வளர்ந்து நிற்கும். அதே கனூவில் போய் ஏரியில் தானே விளையும் காட்டரிசியை ஒரு குச்சியால் வளைத்து, இன்னொரு குச்சியால் தட்டிப் படகுக்குள் உதிர்ப்பார்கள். அந்த அறுவடை இன்றும் நடக்கிறது. சுமைவழிகள் பலவும் அவர்கள் நடந்து பதிந்த பாதைகளே.

அடுத்து வந்தது விலங்குத் தோல் வியாபாரம். ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்கு பீவர் என்ற நீர்விலங்கின் ரோமம் தேவைப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்த் வெஸ்ட் கம்பெனி மான்ட்ரியாலிலிருந்து 1,000 மைலுக்கு மேல் கனூக்களை அனுப்பியது. துடுப்புப் போட்ட கூலிகளுக்கு வாயேஜர் என்று பெயர், பெரும்பாலும் பிரெஞ்சுக் கனடியர். மான்ட்ரியால் கனூ சுமார் 36 அடி நீளம். உள்நாட்டு ஏரிகளுக்கு அது ஆகாது; சுமார் 25 அடியுள்ள சின்னது வேண்டும். சரக்கு கைமாறிய இடம் சுபீரியர் ஏரிக்கரையில் உள்ள கிராண்ட் போர்ட்டேஜ். பெயரே 'பெரிய சுமைவழி'. பிஜன் ஆற்றின் அருவிகளைச் சுற்றிக்கொண்டு போகும் எட்டரை மைல் பாதை அது.

சரக்கு எல்லாம் 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ மூட்டைகள். ஒரு நடைக்கு ஆளுக்கு இரண்டு. மூட்டையைக் கட்டிய தோல்வாரை நெற்றியில் மாட்டி, பாரத்தை முதுகில் தொங்கவிட்டு, குனிந்தபடி அரை ஓட்டமாகப் போவார்கள். நம்மூரில் சும்மாடு செய்யும் வேலையை அங்கே நெற்றிப்பட்டை செய்தது. அந்தப் பாதையில் ஒவ்வொருவரும் எட்டு மூட்டை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அலெக்சாண்டர் மெக்கன்சி எழுதிவைத்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாரத்தோடு நாலு நடை, வெறுங்கையோடு திரும்பி மூன்று நடை. எட்டரையை ஏழால் பெருக்கினால் 59 மைலுக்கு மேல். இது கூலிவேலை. கூலி வாங்கியவனுக்குத் தொப்பி கிடையாது.

அவர்கள் பாதையை மைலில் அளக்கவில்லை. மூட்டையை இறக்கி வைக்கும் இடங்களால் அளந்தார்கள். கிராண்ட் போர்ட்டேஜ் 16 இறக்கம். இதைப் படித்ததும் எங்கள் ஊர்ப் பாதை ஓரத்துச் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. தலைச்சுமையோடு போகிறவர் பிறர் உதவியில்லாமல் இறக்கி வைத்து மூச்சு வாங்க, கர்ப்பிணியாக இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக யாரோ நட்டுவைத்த கல். எந்த நாடானாலும் சுமப்பவனுக்குத் தூரம் என்பது அடுத்த சுமைதாங்கி வரைக்கும்தான்.

இன்னொரு செய்தி என்னை உலுக்கியது. வாயேஜர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. பாறைகளுக்கு நடுவே ஆறு நுரைத்துப் பாயும் இடங்களில் மூழ்கியவர்களுக்காகக் கரையில் மரச்சிலுவைகள் நட்டார்கள். இறங்கிச் சுமந்துபோனால் ஆபத்தில்லை, ஆனால் நேரமும் முதுகும் போகும். சுமையை மிச்சம்பிடிக்கத் துணிந்து தண்ணீரிலேயே இறக்கியவர்களில் சிலர் கரை சேரவில்லை. 1960-ல் எல்லையோரக் கிரானைட் ஆற்றில் ஹார்ஸ்டெயில் என்ற அப்படியோர் இடத்தில் முக்குளித்துத் தேடியவர்கள், ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கிய பித்தளைப் பாத்திரங்களைத் தூக்கி வந்தார்கள். நம் வீட்டு எவர்சில்வர் அடுக்கு மாதிரி, அடுக்குக் கலையாமல்! யாரோ ஒருவர் போட்ட மிச்சக் கணக்கு ஆற்றடியில் அப்படியே கிடந்திருக்கிறது.

1803-ல் கம்பெனி தன் கிடங்கைப் பிரிட்டிஷ் பக்கம் மாற்றிக்கொண்டது. 1842-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் எல்லைக்கோடு வரைந்த ஒப்பந்தத்தில், வழக்கமான சுமைவழிகள் எல்லாம் இரு நாட்டாருக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். நடைபாதைக்கு ஓர் உலக ஒப்பந்தம்! 1854-ல் லா பாயின்ட் ஒப்பந்தத்தின் மூலம் ஒஜிப்வே மக்களின் இந்த நிலம் அமெரிக்க அரசின் கைக்குப் போயிற்று.

பிறகு மரம் வெட்டிகள், பிறகு நம்ம ஆட்கள், அதாவது அணைக்காரர்கள். 1925-ல் எட்வர்டு பேக்கஸ் என்ற மர ஆலை முதலாளி, இந்த ஏரிகளில் வரிசையாக அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் கொடுத்தார். உண்மையைச் சொல்கிறேன். அருவியைப் பார்த்தால் 'ஹெட் எத்தனை அடி' என்று கேட்கும் ஜாதி நாம். அந்தக் காலத்தில் நான் இருந்திருந்தால் அவரிடம் வேலைக்கு மனுப் போட்டிருப்பேன். எதிர்த்து நின்றவர் எர்னஸ்ட் ஓபர்ஹோல்ட்சர். இவர் 1912-ல் பில்லி மகீ என்ற ஒஜிப்வே நண்பரோடு ஒரே கனூவில் ஹட்சன் விரிகுடா வரை போய்ச் சுமார் 2,000 மைல் சுற்றி வந்தவர். வழியில் ஒரு பகுதிக்குச் சரியான வரைபடமே கிடையாது. சுமைவழியைத் தோளால் அறிந்தவர் அவர். வெறும் வரைபடத்தைப் பார்த்துப் பேசிய பேக்கஸுக்கு அந்த அறிவு இல்லை. 1930-ல் வந்த சட்டம் இங்கே ஏரிகளின் இயற்கை நீர்மட்டத்தை மாற்றுவதற்கும், கரையோரம் 400 அடிக்குள் மரம் வெட்டுவதற்கும் தடை போட்டது. 1934-ல் இரு நாட்டுக் கூட்டு ஆணையமும் அணைத் திட்டத்தை ஏற்கவில்லை.

சுமக்காமல் போகும் ஆசை அதோடு விடவில்லை. ஆகாய விமானத்தில் வந்து நேராக ஏரியில் இறங்க ஆரம்பித்தார்கள். 1949-ல் அதிபர் ட்ரூமன், இங்கே கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கக் கூடாது என்று ஆணையிட்டார். 1964-லும் 1978-லும் வந்த சட்டங்கள் மீதியைப் பாதுகாத்தன.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீச்சல் தெரியாத வாயேஜர்கள் பற்றிச் சொன்னதும் மதுரைக்காரன் சிரித்தான். தர்மபுரிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டேய், எனக்கும் தெரியாதுடா" என்றான்.

உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். மூன்றாம் வருஷம் சர்வே கேம்ப் முடிந்து ஒகேனக்கல் போனோம். எல்லோரும் தண்ணீரில் குதித்தோம். அந்த ஜில்லாக்காரனான அவன் மட்டும் பாறை மேல் உட்கார்ந்து நம் துணிமணி, வாட்ச் எல்லாவற்றுக்கும் காவல் இருந்தான். "தண்ணில கண்டம்னு ஜோசியர் சொன்னாரா?" என்று நாள் பூரா கிண்டல் பண்ணினோம். முதலில் ஆரம்பித்தது நான்தான். "அந்த ஆத்துலதான் என் பெரியப்பா பையன் போனான். அன்னிக்குச் சொல்ல வாய் வரலை" என்றான் இப்போது.

நால்வருக்கும் பேச்சு எழவில்லை. "அப்புறம் ஏன்டா இந்தப் பயணத்துக்குச் சரின்னே?" என்று கேட்டான் நாகர்கோவில்காரன். "நாலு பேரும் சேர இது ஒண்ணுதான் சாக்கு. நான் வேண்டாம்னா நீங்க பிளானையே விட்டுடுவீங்க." கூடவே சொன்னான்: "எங்க ஊர்ப் பரிசல்காரர் பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டு மேட்டுல ஏறுவார். சின்ன வயசுல அவர் பின்னாடியே போவேன். தண்ணியில என்னை நம்பாதீங்க, தரையில நம்புங்க."

அன்றிரவு என் முதல் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பெரிய ஏரி என்றால் காற்று. காற்று என்றால் அலை. அலையில் சின்னக் கனூ கவிழ்ந்தால் கரை எங்கோ இருக்கும்; செப்டம்பர்த் தண்ணீரோ சில்லென்று இருக்கும். தோள் வலியை மிச்சம்பிடிக்க நண்பனை நடு ஏரியில் உட்கார வைத்திருக்கிறேன். பித்தளைப் பாத்திரக்காரர் போட்ட அதே கணக்கு.

திட்டத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஈலி என்ற ஊர்ப்பக்கத்துச் சின்னச் சின்ன ஏரிகள். கரையை ஒட்டியே போகலாம். சுமைவழிகள் ஐந்து நாளில் மொத்தம் 600 ராட். எங்களால் எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்க முடியாது. இரண்டு நடை என்றால் திரும்பி வருவதையும் சேர்த்து ஒவ்வொரு பாதையிலும் மூன்று முறை நடக்க வேண்டும். ஆக 1,800 ராட், ஐந்தரை மைலுக்குச் சற்று மேல். கிராண்ட் போர்ட்டேஜ் கூலிக்கு இது ஒரு நடைகூட இல்லை. எங்கள் கனூவும் பட்டைப் படகு அல்ல, கெவ்லார் இழையால் ஆனது. 45 பவுண்டுக்குள் அடங்கும்.

மற்ற ஏற்பாடுகள் சுருக்கமாக. மே முதல் செப்டம்பர் வரை இரவு தங்க முன்பதிவு அனுமதிச் சீட்டு வேண்டும். குறித்த இடங்களில் மட்டுமே கூடாரம். தகர டின்னும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஆகவே மதுரைக்காரனின் அம்மா கொடுத்த ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறுகிறது. அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல். சாப்பாட்டு மூட்டையைக் கரடிக்கு எட்டாதபடி வைக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் நாலு பேரும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றுவதில்லை. நீந்தத் தெரிந்த மூவரும் சேர்த்துத்தான்.

தர்மபுரிக்காரன் அங்கே பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டான். போன வாரம் பத்து மீட்டர் நீந்தினானாம். கனூ தூக்குவது யார் என்ற பேச்சே எழவில்லை. அந்தப் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான்.

ஒரு சீட்டில் 9 பேர் வரை போகலாம். நாங்கள் நாலு பேர். ஐந்து பேருக்கு இன்னும் இடம் இருக்கிறது. வர விரும்பும் தோழர்கள் சந்திப்பு விழாவன்று என்னைப் பிடியுங்கள். முட்டி வலி இருந்தால், நீச்சல் தெரியாவிட்டால், தண்ணீரைக் கண்டாலே பயம் என்றால், முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வழியை மாற்றிக்கொள்ளலாம். இந்த முறை யாரும் கிண்டல் பண்ண மாட்டோம்.