பிரியும் இடமும் சேரும் இடமும்

1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு முடித்த பிறகு உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுக்கு ஏடு தேடினார். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர் வேலை. விடுமுறை வந்தால் ஊர் ஊராகப் பயணம். அந்தப் பயணங்களில் ஒன்று அவரைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்தது. நெல்லையிலும் ஆற்றோரத்து ஊர்களிலும் கவிராயர் வீடுகள் இருந்தன. தலைமுறை தலைமுறையாக ஏடு எழுதி, பூச்சி அரிக்காமல் பார்த்து, நைந்ததை மறுபடி எழுதிவைத்த குடும்பங்கள் அவை. ஆழ்வார்திருநகரியில் லட்சுமணக் கவிராயர் உடனிருந்து உதவினார். அவருடைய மாமனார் தேவர்பிரான் கவிராயரிடமிருந்து பத்துப்பாட்டு ஏடு கைக்கு வந்தது. 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டு அச்சாகி வெளிவந்தது.

ஏடு கிடைத்த கதையை நாம் எல்லோரும் உருகிச் சொல்கிறோம். கிடைத்த பிறகு நடந்த வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிது. ஒருவர் ஏட்டைப் பார்த்து உரக்கப் படிப்பார். மற்றவர்கள் தத்தம் கையில் உள்ள பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார்கள். எங்கே மாறுகிறதோ அங்கே நிறுத்திக் குறித்துக்கொள்வார்கள். ஐயர் பதிப்புகளின் அடிக்குறிப்பில் ‘பி-ம்.’ என்று சிறிய எழுத்தில் வரும் பிரதிபேதங்கள் எல்லாம் இப்படிக் காதாலும் விரலாலும் பிடித்தவை. பத்துப் பிரதிகளை ஒன்றோடொன்று ஜோடி சேர்த்துப் பார்ப்பதென்றால் நாற்பத்தைந்து ஜோடிகள் வரும்.

படிப்பதும் எளிதாக இருக்கவில்லை. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம்; நெடிலையும் குறிலையும் பிரித்துக் காட்டும் மாற்றத்தை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில்தான் செய்தார். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சீரும் அடியும் பிரிக்காமல் ஓலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுத்து ஓடும். செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்பதே ஒரு கேள்வி.

இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்வோம், 103 அடி. ஒரு பிரதியில் ஐந்தாம் அடி விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இட எண்ணை மட்டும் பார்த்து ஐந்தாவதோடு ஐந்தாவது, ஆறாவதோடு ஆறாவது என்று ஒப்பிட்டால், அதற்கு மேல் உள்ள தொண்ணூற்றுச் சொச்சம் அடிகளும் ‘வேறு’ என்றுதான் தெரியும். ஏட்டை வைத்திருக்கும் புலவர் அப்படிச் சொல்லமாட்டார். ‘இதில் ஒரு அடி இல்லை, நீங்கள் மேலே படியுங்கள், நான் சேர்ந்துகொள்கிறேன்’ என்பார். இரண்டு பிரதிகளும் எங்கே பிரிந்தன என்பதோடு, எங்கே மறுபடி சேர்ந்தன என்பதையும் அவர் கண்டுபிடிக்கிறார். ஒப்பிடுதலின் உயிர் அந்தச் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டின் பூக்கள் வரிசையில் சில பெயர்கள் பல பிரதிகளில் இல்லாமல் போய், தருமபுர ஆதீனத்து ஏட்டில் கிடைத்தபோது, அவை வரிசையில் உட்காரவேண்டிய இடம் சந்தேகமில்லாமல் தெரிந்தது. முன்னும் பின்னும் இருந்த அடிகள் பொருந்தி வந்ததே காரணம்.

அந்தப் புலவர் கண்டதைக் கணினிக்குச் சொல்லித்தர ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற ஊரில் பெல் ஆய்வகம் இருந்தது. 1969இல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் அங்கே யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டிலேயே இரண்டு கோப்புகளை ஒப்பிட ‘சிஎம்பி’ என்றொரு கட்டளை இருந்தது. அது பைட்டோடு பைட்டை இட எண்படி வைத்துப் பார்க்கும். வேறுபாடு எங்கே என்று சொல்லும். ஒரே ஓர் எழுத்து கூடினாலும் போதும், அதற்குப் பின் வரும் யாவும் அதற்கு அந்நியம். சேரும் இடம் அதற்குத் தெரியாது.

அதே ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனும் மைக் லெஸ்க்கும் வரிவரியாக ஒப்பிடும் நிரல்களை முன்பே எழுதியிருந்தார்கள். அவை ஊகத்தை நம்பியவை; சில நேரம் பிசகின. டக்ளஸ் மக்கில்ராய்க்கு அது போதவில்லை. யூனிக்ஸில் ஒரு கட்டளையின் வெளியீட்டை மறு கட்டளைக்குள் செலுத்தும் ‘பைப்’ வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டு வாங்கியவர் அவர். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பிசகாமல் வேலை செய்யும் ஒப்பீட்டுக் கருவி வேண்டும் என்று இறங்கினார். ஜேம்ஸ் ஹன்ட் உடன் சேர்ந்தார். 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு ‘டிஃப்’ பிறந்தது. அதன் கணக்கை விளக்கி இருவரும் எழுதிய அறிக்கை 1976இல் வந்தது.

அவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ‘என்னென்ன மாறியிருக்கிறது’ என்று தேடுவதற்குப் பதிலாக, ‘இரண்டிலும் மாறாமல், அதே வரிசையில் வரும் வரிகளில் மிக நீளமான தொடர் எது’ என்று கேட்டார்கள். அந்தத் தொடர் கிடைத்துவிட்டால் அதில் சேராதவை எல்லாம் தாமாகவே வேறுபாடுகள்: ஒன்றில் மட்டும் இருப்பது கூடுதல், மற்றதில் மட்டும் இருப்பது குறைவு. ஏட்டின்மேல் விரல் ஓட்டிய புலவர் செய்ததும் இதுவே. பொதுவானதைப் பற்றிக்கொண்டால் வேறானது தானே தனித்து நிற்கும்.

நெருக்கடி நினைவகத்தில் இருந்தது. யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியில் அப்போது ஒரு நிரல் புழங்கிய இடம் 64 கிலோபைட் அளவுதான். பத்துப்பாட்டின் மூலத்தை இன்றைய யூனிகோடில் தட்டச்சு செய்தால் அது அதற்குள் கொள்ளாது. அதனால் டிஃப் ஒவ்வொரு வரியையும் ஒரு சிறு எண்ணாகச் சுருக்கியது. எண்களை வைத்தே பொருத்தம் பார்த்தது. இரண்டு வேறு வரிகள் தற்செயலாக ஒரே எண்ணுக்குச் சுருங்கிவிடலாம் அல்லவா? அதற்காகக் கடைசியில் மூலக் கோப்புகளைத் திறந்து, பொருந்தியதாகச் சொன்ன வரிகளை நேருக்கு நேர் சரிபார்த்தது. நினைவகம் போதாத காலத்தில் இவ்வளவு நேர்மையாக ஒரு நிரலை எழுதியிருக்கிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

டிஃப் பிறந்தாலும் அது ஒரு முறைக்கு ஒரு ஜோடியைத்தான் பார்க்கும். நாற்பத்தைந்து ஜோடிகளுக்கு நாற்பத்தைந்து முறை தட்டச்சு செய்யவேண்டும். இங்கேதான் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் வருகிறது. யூனிக்ஸில் நாம் தரும் கட்டளைகளை வாங்கி இயக்குவது ஷெல். கென் தாம்ப்சன் எழுதிய முதல் ஷெல்லில் லூப் என்பதே இல்லை. நிரலில் ஓர் இடத்துக்குத் தாவச் சொல்லும் தனிக் கட்டளையை வைத்துத்தான் சமாளித்தார்கள். 1979இல் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீவன் போர்னின் ஷெல்லில் ‘ஃபார்’ லூப் இருந்தது. போர்ன் கேம்பிரிட்ஜில் அல்கால் 68 மொழியில் ஊறியவர். அந்த மொழியில் தொடக்கச் சொல்லைத் தலைகீழாக எழுதினால் முடிவுச் சொல்: ‘இஃப்’ என்றால் ‘ஃபி’, ‘கேஸ்’ என்றால் ‘ஈசாக்’. அந்தக் கணக்கில் ‘டூ’ என்பதற்கு ‘ஓடி’ என்று முடிவு வந்திருக்கவேண்டும். ஆனால் ‘ஓடி’ என்ற பெயரில் கோப்பின் பைட்டுகளைக் காட்டும் கட்டளை யூனிக்ஸில் முதலிலேயே இருந்தது. அதனால் ‘டன்’ வந்தது. இன்றும் நெல்லையில் ஒரு பிள்ளை லினக்ஸில் ஷெல் நிரலில் லூப் எழுதினால் ‘டூ’ போட்டுத் தொடங்கி ‘டன்’ போட்டுத்தான் முடிக்கவேண்டும்.

ஒரு பிரதிக்கு ஓர் அடைவு என்று வைத்துக்கொண்டால், ஒரு ஜோடிக்கான நிரல் தமிழில் இவ்வளவுதான்: இந்த அடைவில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் எடு, அடுத்த அடைவில் அதே பெயருள்ள கோப்போடு சேர்த்து டிஃப்பிடம் கொடு, வேறுபாடு இருந்தால் பெயரை எழுதிவை, அடுத்ததற்குப் போ. இரண்டும் ஒன்றே என்றால் டிஃப் 0 என்ற குறியைத் திருப்பித் தரும். வேறு என்றால் 1. கோப்பைத் திறக்கவே முடியவில்லை என்றால் 2. லூப் அந்தக் குறியைப் பார்த்து முடிவெடுக்கும். 1க்கும் 2க்கும் உள்ள பேதத்தைக் கவனிக்காமல் விட்டால், காணாமல் போன கோப்பும் ‘மாறிய கோப்பு’ என்று பட்டியலில் ஏறிவிடும். கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் இடவேண்டும். இல்லையேல் ஷெல் ஒரு பெயரை இரண்டாக வெட்டிவிடும்.

புதிதாகக் கற்பவர்கள் பலர் லூப்பை வரிகளின்மேல் ஓட்டப் பார்க்கிறார்கள். ஒரு கோப்பிலிருந்து ஒரு வரி, மற்றதிலிருந்து ஒரு வரி எடுத்து, இரண்டும் சமமா என்று கேட்பது. எழுதிப் பழக நல்லது. ஆனால் முல்லைப்பாட்டின் ஐந்தாம் அடி விட்டுப்போனால் அந்த லூப்பும் சிஎம்பி போலவே கடைசி வரை ‘வேறு, வேறு’ என்று சொல்லிக்கொண்டு போகும். லூப் கோப்புகளின்மேல் நடக்கட்டும். வரிகளை டிஃப்பிடம் விட்டுவிடுவதே சரி.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முழுவதையும் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். முதலில் தனி எழுத்துருக்கள், பிறகு டிஸ்கி, பிறகு யூனிகோடு என்று கோப்புகள் மாறி மாறி வந்தன. யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முன்னது ஆறு பைட், பின்னது ஒன்பது பைட். டிஃப் பைட்டைப் பார்க்கிறது. அதற்கு இவை இரண்டு வேறு வரிகள். ஓலையில் காலும் ரகரமும் ஒன்றுபோல் தெரிந்து, படிப்பவர் பொருள் பார்த்துப் பிரித்தார். இங்கே ஒரே எழுத்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. படிப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே லூப்பில் டிஃப்புக்கு முன்னால் ஒரு படி வேண்டும்: ‘யூகான்வ்’ போன்ற கருவியால் இரண்டு கோப்புகளையும் ஒரே நெறிக்கு மாற்றிக்கொள்வது. இதைச் செய்யாமல் எடுத்த வேறுபாட்டுப் பட்டியலில் பாதி வெறும் தூசாக இருக்கும். யூடிஎஃப்-8ஐ 1992இல் ராப் பைக்கோடு சேர்ந்து வடிவமைத்தவரும் அதே கென் தாம்ப்சன்தான்.

அதற்கு அப்பாலும் வேலை இருக்கிறது. நெல்லை மாவட்டத்தில் 1891இல் பிறந்த வையாபுரிப்பிள்ளை 1940இல் சங்க இலக்கியம் முழுவதையும் பதிப்பித்தார். 1950களில் மர்ரே ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்து வந்தன. சாமிநாதையர் பதிப்பை ஒரு கோப்பாகவும், சந்தி பிரித்த பதிப்பை மறு கோப்பாகவும் கொடுத்தால் ஏறக்குறைய எல்லா அடிகளையும் டிஃப் ‘வேறு’ என்கிறது. இடைவெளிகளை எல்லாம் நீக்கிவிட்டு ஒப்பிட்டால் ஒரு பகுதி சரியாகும். ஆனால் ‘பொற்குடம்’ பிரியும்போது ‘பொன் குடம்’ ஆகிறது. றகரம் போய் னகரம் வந்துவிடுகிறது. இடைவெளியை நீக்கினாலும் எழுத்து திரும்பி வருவதில்லை. புணர்ச்சி விதிகளை நன்னூலிலிருந்து எடுத்து, டிஃப்புக்கு முன்னால் நிற்கும் ஒரு வடிகட்டியாக யாராவது எழுதவேண்டும். நன்னூலும் ஷெல்லும் ஒருங்கே படித்த ஒருவருக்கு இது கைவரும். எந்த அடி உண்மையில் பாடபேதம், எது வெறும் சந்தி வேற்றுமை என்று அந்த வடிகட்டி பிரித்துக் கொடுத்தால், பி-ம். பட்டியல் முழுவதையும் பாட்டுப் பாட்டாக மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.