சைதாப்பேட்டையின் சான்றிதழ்

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமென்றால் இன்று ஒரு பட்டம் வேண்டும். அதன்மேல் பி.எட். வேண்டும். அதற்கும் மேலே, ‘டெட்’ என்று எல்லோரும் சொல்லும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இவ்வளவையும் தாண்டி வகுப்புக்குள் நுழைந்தவரைப் பற்றியும் ‘படித்திருக்கிறார், சொல்லிக்கொடுக்கத்தான் தெரியவில்லை’ என்ற புகார் ஓய்ந்தபாடில்லை. காரணம் கேட்டால் ஒரு தரப்பு தெருவுக்குத் தெரு பெருகிவிட்ட தனியார் கல்லூரிகளைக் கைகாட்டுகிறது; இன்னொரு தரப்பு வினாத்தாளைக் குறை சொல்கிறது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் கோளாறு இவற்றைவிட நூறு வருஷமாவது மூத்தது. சென்னை மாகாணத்தில் ஆசிரியத் தொழிலைக் கற்பதற்கான ஏற்பாடு ஒரு வழியாக வந்தது. ஆசிரியருக்கு உரிமம் கொடுக்கும் ஏற்பாடு வேறொரு வழியாக வந்தது. முன்னது வகுப்பறையில் பிறந்தது, பின்னது அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில். இரண்டையும் ஒரே கல்லூரிக்குள் கொண்டுவந்து வைத்தபிறகு உரிமம் வளர்ந்துகொண்டே போனது, தொழில் இளைத்துக்கொண்டே வந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்குத் தெரிகிற செய்தி.

உரிமம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் வாத்தியார் எப்படி உருவானார்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதற்கென்று தனி ஏற்பாடு ஏதும் இல்லை, சட்டாம்பிள்ளை இருந்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தை வரையச் செய்வதும், எண்சுவடியை உரக்கச் சொல்லவைத்து மனப்பாடம் கேட்பதும், வாத்தியார் வெளியே போன நேரத்தில் பள்ளியைக் கட்டி மேய்ப்பதும் அவன் வேலை. பெரிய பையன்கள் சிறியவர்களுக்குக் கற்பித்தார்கள். கற்பித்ததாலேயே தாங்களும் கற்பிக்கப் பழகினார்கள். 1823இல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் தன் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் பல குறைகளை அடுக்கினாலும், இந்த ஒரு வழக்கத்தை மெச்சி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது நியாயமே என்று குறிப்பிட்டார். அவர் சொன்னது ஆண்ட்ரூ பெல்லின் கதையை. சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கான விடுதியை 1789 முதல் 1796 வரை மேற்பார்த்த பாதிரியார் பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தன் பள்ளியின் உதவி ஆசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கியபோது, ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஊர் திரும்பி 1797இல் அதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் படித்தார்கள்.

திண்ணையைப் பொற்காலமாக்க இது போதாது. தன் வாத்தியாருக்குத் தெரிந்ததற்கு மேல் சட்டாம்பிள்ளைக்கு ஒன்றும் தெரிய வழியில்லை. பொருள் விளங்காமலே நிகண்டை ஒப்பிக்கும் பிள்ளை வளர்ந்து, பொருள் சொல்லாமலே நிகண்டைக் கற்பிக்கும் வாத்தியார் ஆனார். யாருடைய பிள்ளை திண்ணையில் உட்காரலாம் என்பதையும் ஊர்தான் முடிவுசெய்தது. ஆனால் தொழிலைத் தொழில் நடக்கும் இடத்திலேயே கற்பது என்ற ஒரு விஷயத்தில் அது சரியாக இருந்தது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவுக்குக் கோளாறு வேறு இடத்தில் தெரிந்தது. 1822இல் அவர் மாகாணம் முழுவதும் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகக் காட்டினார். வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை, அந்த வருமானத்துக்குத் தகுதியுள்ளவர் எவரும் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே மாவட்டப் பள்ளி ஆசிரியருக்குப் பதினைந்து ரூபாய், தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு ஒன்பது ரூபாய், அவர்களைத் தயார்செய்யச் சென்னையில் ஒரு மையப் பள்ளி என்று திட்டம் வகுத்தார். சம்பளம், பயிற்சி இரண்டையும் ஒருங்கே வைத்த திட்டம் அது. அடுத்த ஆண்டே மன்றோ காலராவில் இறந்தார். 1830இல் லண்டனிலிருந்து வந்த கடிதம் ஆங்கில உயர்கல்வியின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. 1836இல் தாசில்தாரிப் பள்ளிகள் கலைக்கப்பட்டன. சம்பளத்தைப் பற்றிய மன்றோவின் வாதத்தை அதன்பின் வந்த பயிற்சித் திட்டங்களில் தேடினால் கிடைப்பது அரிது.

1854இல் சார்லஸ் வுட்டின் கல்விக் கடிதம் வந்தது. பல்கலைக்கழகங்கள், தனியார் பள்ளிகளுக்கு மானியம், ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் மூன்றையும் அது ஒரே மூச்சில் பேசியது. அதன் விளைவாக 1856இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாகப் பேர்பெற்றது அதுதான். இங்கே கவனிக்க வேண்டியது மானியம். மிஷன்களும் தனியாரும் நடத்தும் பள்ளிக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டும். ஆய்வாளர் ஒருவர் மாகாணத்தின் ஒவ்வொரு வகுப்பிலும் உட்கார்ந்து இவர் நன்றாக நடத்துகிறாரா என்று பார்க்க முடியாது. சான்றிதழை மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். 1860களில் சென்னை மானிய விதிகள் ஆசிரியரின் சான்றிதழ்த் தரத்தையொட்டிச் சம்பள மானியத்தை நிர்ணயித்தன. அதனால் நார்மல் பள்ளியின் வாசலை மிதிக்காதவரும் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம் என்றாயிற்று. பயிற்சியும் உரிமமும் பிரிந்த இடம் இது. பிரித்தவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கணக்கு எழுதுகிறவருக்கு எண்ணக்கூடிய ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவே.

பல்கலைக்கழகம் இதற்குள் வந்தது 1880களில். ஹண்டர் கமிஷன் 1882இல் கற்பித்தலின் கொள்கையிலும் செயல்முறையிலும் ஒரு தேர்வு வைத்து, அதில் தேறியவரையே உயர்நிலைப் பள்ளிகளில் நிரந்தரமாக அமர்த்த வேண்டும் என்றது. அதையொட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. பட்டத்தைக் கொண்டுவந்தது. பி.ஏ. முடித்தவர் ஓராண்டு சைதாப்பேட்டையில் படித்து இந்தப் பட்டத்தைப் பெறலாம். ஆனால் அன்றைய சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தும் இடமாக இல்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்தும் அமைப்பு. ஆசிரியர் கல்வி பல்கலைக்கழகக் கல்வி ஆயிற்று என்று நாம் பெருமையோடு சொல்வதன் நடைமுறைப் பொருள், அது பல்கலைக்கழகத் தேர்வு ஆயிற்று என்பதே.

அந்த ஓராண்டில் உருப்படியாக நடந்தது எது என்று பார்த்தால், பயிற்சிக் கல்லூரியோடு ஒட்டிய மாதிரிப் பள்ளியைத்தான் சொல்ல வேண்டும். பயிற்சி மாணவர் முதல்நாளே பாடக்குறிப்பு எழுதிக் காட்ட வேண்டும்: ஒரு பத்தியில் பாடப்பொருள், பக்கத்தில் நடத்தும் முறை, ஓரத்தில் கரும்பலகைச் சுருக்கம். ஹெர்பார்ட்டின் சீடர்கள் ஜெர்மனியில் வகுத்த ஐந்து படிகள், ஆயத்தத்தில் தொடங்கிப் பயன்படுத்திப் பார்ப்பதில் முடிவது, அப்படியே இங்கே வந்து குடியேறின, இன்றைய பி.எட். பாடக்குறிப்பிலும் அதன் சாடை தெரியும். மறுநாள் அவர் பிள்ளைகள் முன்னால் நிற்பார். பேராசிரியரும் சக மாணவர்களும் பின்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் கலைந்த பிறகு விமர்சனம் தொடங்கும்: கேள்வியை வகுப்புக்குக் கேட்டுவிட்டுப் பிறகு பெயரைச் சொன்னீர்களா, பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்டீர்களா? கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டி எத்தனை நேரம் நின்றீர்கள்? இப்படிப்பட்ட சில்லறைக் கேள்விகளில்தான் தொழில் இருக்கிறது. 1904இல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பயிற்சிக் கல்லூரிக்கும் செய்முறைப் பள்ளி வேண்டும், படித்து வெளியேறியவர் பழைய இயந்திரத்தனமான வழக்கத்துக்கே திரும்பிவிடாதபடி கல்லூரி பள்ளிகளோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்று அது எச்சரித்தது. எச்சரித்ததே, விலகல் அப்போதே கண்ணில் பட்டதைக் காட்டுகிறது.

கோட்பாட்டு வகுப்புகளின் கனம் எவ்வளவு என்பதற்கு எஸ். ராதாகிருஷ்ணனே சாட்சி. மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கத் தொடங்கியிருந்தவரை அரசு 1910இல் எல்.டி. பயிற்சிக்குச் சைதாப்பேட்டைக்கு அனுப்பியது. உளவியல் வகுப்பில் அவருக்குக் கற்க ஒன்றுமில்லை என்று கண்ட பேராசிரியர், அவரையே சக மாணவர்களுக்குச் சொற்பொழிவாற்றச் சொன்னார். அந்தச் சொற்பொழிவுகள் பிறகு நூலாகவும் வந்தன. அவர் பிறந்த நாளைத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும், எழவும் வேண்டும். திண்ணை வாத்தியாரை வாத்தியாராக்கியது அவர் பிறந்த குடியும் ஊரின் சம்மதமும். சான்றிதழ் அந்தச் சம்மதத்தைத் தேவையற்றதாக்கியது. சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்காகச் சென்னையில் இல்லம் தொடங்கியபோது, அந்தப் பெண்களுக்கு மரியாதையான பிழைப்புக்கு இருந்த வழிகளில் முதன்மையானது ஆசிரியர் பயிற்சி. 1922இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி உருவானபோது அவரே முதல்வரானார். தலையை மழித்து மூலையில் உட்காரவைக்க வேண்டியவள் என்று உறவினர் தீர்மானித்த பெண், அரசு முத்திரை பதித்த தாளோடு பள்ளிக்கு வந்தபோது அவளைத் திருப்பி அனுப்பத் தாளாளரால் முடியவில்லை; அந்தத் தாளுக்குத்தான் மானியம் வந்தது. மிஷன் பயிற்சிப் பள்ளிகளில் படித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் இதே தாள் இதே வேலையைச் செய்தது. ஆகவே உரிமத்தைக் குமாஸ்தாக்களின் கண்டுபிடிப்பு என்று எள்ளிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்த வாதம் உரிமத்தின் சமூக நியாயத்தை நிறுவுகிறது. கற்பிக்கும் திறனை அது உருவாக்கியதா என்பதற்கு விடை சொல்லவில்லை. லேடி வில்லிங்டனிலும் பயிற்சிக் கல்லூரியோடு ஒரு செய்முறைப் பள்ளியைச் சேர்த்தே நடத்தினார்கள். சான்றிதழ் தரும் சுதந்திரம் நிலைக்க, அதை வைத்திருப்பவளுக்கு வேலை தெரிய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விடுதலைக்குப் பிந்திய கதையை விரைந்து சொல்லிவிடலாம். எல்.டி. போய் பி.டி. வந்தது, பி.டி. போய் பி.எட். வந்தது; பள்ளி அலுவலகங்களில் மட்டும் பட்டதாரி ஆசிரியர் இன்னும் ‘பி.டி. அசிஸ்டெண்ட்’. 1964–66இல் ஆய்ந்த கோத்தாரி கமிஷன், ஆசிரியர் கல்வி பல்கலைக்கழக வாழ்விலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் விலகித் தனித்துக் கிடக்கிறது, பயிற்சி நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்கின்றன என்று கண்டது. கர்சன் தீர்மானத்தின் எச்சரிக்கை அறுபது ஆண்டுக்குப் பிறகு குற்றச்சாட்டாகத் திரும்பி வந்தது. அடுத்து அஞ்சல்வழி பி.எட். வந்தது, பிறகு தனியார் கல்லூரிகள். 1993இன் சட்டப்படி 1995இல் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகாரம் வழங்க வகுத்த விதிகளில் கட்டடத்தின் பரப்பும் நூலகப் புத்தக எண்ணிக்கையும் இடம்பெற்றன. எண்ணக்கூடியதை எண்ணும் பழைய பழக்கம். உச்ச நீதிமன்றம் அமைத்த வர்மா கமிஷன் 2012இல் அறிக்கை தந்தபோது, நாட்டின் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு தனியார் கையில் இருந்தன.

அதே 2012 ஜூலையில் தமிழ்நாடு தன் முதல் தகுதித் தேர்வை நடத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள், தேறியவர் 2,448. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ‘பார்த்தீர்களா, பி.எட். படிப்பின் லட்சணத்தை!’ என்றார்கள் தேர்வின் ஆதரவாளர்கள். ஒன்றரை மணி நேரத்தை மூன்று மணியாக்கி அக்டோபரில் மறுபடி நடத்தியபோது சுமார் 19,000 பேர் தேறினார்கள். மூன்று மாதத்தில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பல மடங்கு திறமைசாலிகள் ஆகியிருக்க முடியாது. தேர்வு அளந்ததில் பெரும்பகுதி, கடிகாரத்தோடு போட்டியிட்டு விடையைத் தேர்ந்தெடுக்கும் வேகத்தை. சொல்லப்போனால், ஒரு பிள்ளையைக்கூடக் கண்ணால் காணாமல் தேறிவிடக்கூடிய தேர்வு அது.

வடிகட்டியே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், பணத்துக்குப் பட்டம் கிடைக்கும் நிலையில் பாட அறிவைச் சோதிக்காமல் வேலை கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் வடிகட்டி, உள்ளே ஊற்றியதைத்தான் பிரித்துத் தரும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு வகுப்பெடுத்தவரின் திறமையை அறிய அவர் வகுப்பில் போய் உட்காருவதைவிட, அவரைத் தேர்வுக்கூடத்தில் உட்காரவைப்பது நம் முறைக்கு இயல்பாகப் படுகிறது. 1860களின் மானிய விதியை எழுதியவர் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார். எதிர்ப்பக்கத்தில், நல்லாசிரியர் பிறக்கிறார், பயிற்சியால் ஆவதில்லை என்பாரும் உண்டு. கேள்வியை முதலில் கேட்டுப் பெயரைப் பிறகு சொல்லும் பழக்கம் எவரோடும் பிறப்பதில்லை.

2014இன் விதிகள் பி.எட்.டை இரண்டாண்டாக்கி, இருபது வாரம் பள்ளியில் கழிக்க வேண்டும் என்றன. அதில் பதினாறு வாரம் தொடர்பயிற்சி. நூறாண்டில் வந்த மிக நல்ல திருத்தம் இதுவே. ஆனால் அந்தப் பதினாறு வாரமும் பயிற்சி மாணவரின் பாடத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டு, பிள்ளைகள் கலைந்த பிறகு அவரோடு பேச வேண்டிய பள்ளி ஆசிரியருக்குப் பாடவேளையில் குறைப்பு இல்லை, கூடுதல் ஊதியம் இல்லை, பட்டம் வழங்குவதில் உரிய குரலும் இல்லை. அவர் பல இடங்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு நின்றுவிடுகிறார். பயிற்சி மாணவரோ விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். கல்வித்துறை அடுத்த தேர்வு அறிவிப்பை வெளியிடும் முன், இந்த வழிகாட்டி ஆசிரியருக்கு வாரத்தில் நான்கு பாடவேளையை ஒதுக்கி, அவருடைய மதிப்பீடு இல்லாமல் எவருக்கும் பி.எட். கிடையாது என்று ஓர் அரசாணை போடட்டும்.